சீனி இல்லாம ஒரு டீ

நீ முன்னால போ தாயி. பரவால்ல, போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பால் இப்பத்தான் அடுப்புல ஏறியிருக்கு. அது பொங்கி, இந்த மாஸ்டரு கிளாசக் கழுவி நம்ம பக்கம் திரும்புறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குள்ள ரெண்டு வார்டக் கூட்டிப் பெருக்கி முடிச்சிருவாக. நாலு மணிக்கு எப்பவும் இந்தக் கூத்துதான். நீ காலையில வந்த ஆளு, ஒனக்குத் தெரியாது. எனக்கு இன்னையோட இருபத்து மூணு நாளு. இந்தக் கடையில எந்த பெஞ்சு ஆடும், எந்த பெஞ்சு ஆடாதுங்கிறது வரைக்கும் எனக்கு அத்துபடி.

மாமியாருக்கா முடியல? வழுக்கி விழுந்துட்டாகளா? அட, எலும்புதான. கட்டுப் போட்டா சேந்துக்கிரும். பயப்படாத.

என்ன கேட்ட? ஜெயக்கொடி சிஸ்டரா? திங்கக்கிழமையில இருந்து ஒங்க வார்டுக்கு மாறி வருதாமா? நல்லாப் பாக்குமான்னு எங்கிட்டயா கேக்குற? சரியான ஆளப் பாத்துத்தான் கேட்டிருக்க போ. அந்தச் சிஸ்டரப் பத்திப் பேச இந்த ஆஸ்பத்திரியில என்னய விட்டா ஆளு கிடையாது. கேளு, சொல்றேன். கேட்டுட்டு ஒங்க மாமியார எந்த வார்டுக்கு மாத்தணும்னு நீயே முடிவு பண்ணிக்க.

எங்க வீட்டு ஆளு டிரைவரு. பேரா? பேரு நான் சொல்றதில்ல, பெட்டுக்கு மேல அட்டையில எழுதித் தொங்கவிட்டிருக்கு, வந்து பாத்துக்க. அருப்புக்கோட்டையில இருந்து நரிக்குடி போற வண்டி, முப்பத்தோரு வருசம் ஓட்டுனாக. போக வர எட்டு இடத்துல நிக்கும். எட்டு இடத்துலயும் டீக்கடை. டிரைவரு கண்டக்டருக்கு டீ சும்மாதான குடுப்பாக? அதுலயும் எங்க ஆளுக்கு எப்படின்னா, கிளாசுக்கு அடியில சீனி கரையாமக் கிடக்கணும். டீயக் குடிச்சு முடிச்சுட்டு கிளாசத் தட்டி அந்தச் சீனிய வாயில கொட்டிக்கிருவாக. சின்னப்புள்ளைக தோத்துரும்.

பதினோரு வருசத்துக்கு முன்னால சுகருன்னு சொல்லிட்டாக. கால்ல ஒரு புண்ணு ஆறவே இல்ல, பாத்தா சுகரு. அன்னைக்கி எடுத்தேன் பாரு அவதாரம்! சத்துணவுக் கூடத்துல நூத்தி இருபது புள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவ நானு, ஒரு ஆளப் பாத்துக்க முடியாதா? வீட்டுல சீனி டப்பாவே கிடையாது. நானும் சீனி போடாமக் குடிச்சேன். எனக்கென்ன சுகரா? மண்ணாங்கட்டி. அவுக முன்னால நான் இனிப்பாக் குடிச்சா அவுக நாக்கு சும்மா இருக்குமா? அதுக்குத்தான்.

வீட்டுல கட்டிப்போட்டாச்சு, ரோட்டுல? ஒருநாளு அவுக வண்டியிலயே டிக்கெட் எடுத்து ஏறுனேன். எட்டு ஸ்டாப்புலயும் எறங்கி, எட்டு டீக்கடையிலயும் சொன்னேன். "இந்தா பாருங்கப்பா, இந்த ஆளுக்கு எவன் சீனி போட்டுக் குடுத்தாலும் நான் மனுசியா இருக்க மாட்டேன்." அவுக ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாக. வண்டியே சிரிக்குது. அதுல இருந்து எனக்கு ரோட்டுப் பூராம் செக்கிங் இன்ஸ்பெக்டருன்னு பேரு. இருக்கட்டுமே. நரிக்குடிக்காரன் மட்டும் களவாணித்தனமா அரைக் கரண்டி போட்டுக் குடுத்தான், அவன் கடை வாசல்ல நின்னு நான் பேசுன பேச்சுல அவன் அன்னைக்கி வடையே போடல.

அப்படிக் காப்பாத்துன ஒடம்பு தாயி இது. ஒரு வேளை, ஒரு வாய் தப்ப விட்டதில்ல.

நீ போ, நீ போ. இந்த அண்ணனையும் விடு, அவரு கையில சீட்டோட நிக்கிறாரு, மருந்து வாங்கணும் போல. நான் அப்பறம் வாங்கிக்கிர்றேன்.

எங்க விட்டேன்? ம். கிட்னி போயிருச்சுன்னு இங்க கொண்டாந்து போட்டோம். ரத்தத்தச் சுத்தம் பண்ற மிஷின்ல வாரத்துக்கு மூணு தடவ போட்டாக. அப்பத்தான் இந்த ஜெயக்கொடியப் பாத்தேன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லியா, வெடுக்கு வெடுக்குன்னு நடப்பா. உண்மையச் சொல்லணும்ல, மொதல்ல எனக்கு அவளப் புடிச்சுது. ரெம்பப் புடிச்சுது. ஏன்னா அவ என்னய மாதிரி. தண்ணி பாட்டில்ல வெள்ளைப் பிளாஸ்திரிய ஒட்டி, பேனாவால கோடு போட்டுக் குடுத்தா. "இன்னைக்கிப் பூராம் இந்தக் கோடு வரைக்கும்தாம்மா. ஒரு மடக்கு கூடப் போகக்கூடாது." நான் பாவமேன்னு ஒருநாளு எளநி வாங்கிட்டுப் போனேன், கிட்னிக்காரருக்கு எளநி ஆகாதாமே, வெடுக்குன்னு புடுங்கிட்டா. நாலு பேரு பாக்கத் திட்டுனா. எனக்குக் கோவமே வரல. சபாஷ், இவதான் நமக்குச் சரியான ஆளுன்னு நெனச்சேன். வீட்டுக்கு ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரு, ஆஸ்பத்திரிக்கு ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரு. இனி இந்த மனுசன் தப்பிக்க முடியாது, பொழச்சு எந்திரிச்சுத்தான் ஆகணும்னு நெனச்சேன்.

அப்படி இருந்தவ, போன திங்கக்கிழமையில இருந்து மாறிட்டா தாயி. ஒரே நாள்ல. அன்னைக்கி டாக்டரு என்னையும் எம்மக பஞ்சவர்ணத்தையும் ரூமுக்குக் கூப்புட்டு என்னமோ சொன்னாரு. என்ன சொன்னாருன்னு கேக்காத. அந்த நேரம் பாத்து கரண்டு போயி, ஜெனரேட்டரு தடதடன்னு ஓடுது, எனக்கு ஒண்ணும் காதுல விழல. எம்மக ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா. அம்புட்டுத்தான். வெளிய வந்தா, எல்லாம் தலகீழு.

மிஷினுக்குக் கொண்டு போறத நிப்பாட்டிட்டாக. கேட்டா, நெஞ்சு தாங்கலையாம். சரி, மிஷினு டாக்டரு சமாச்சாரம். ஆனா இவ? கையில ஏறிக்கிட்டிருந்த ஊசியக் கழட்டி பஞ்சு வச்சு ஒட்டிட்டா. காலையில வெரலுல குத்தி சுகரு பாப்பாளே, அதையும் நிப்பாட்டிட்டா. "ஏம்மா இன்னைக்கிக் குத்தல?"ன்னேன். "வெரலெல்லாம் புண்ணாக் கிடக்கும்மா, போதும்"ங்கிறா. போதுமா? போதும்னு சொல்ல இவ யாரு? அந்தக் கோடு போட்ட பாட்டிலக் காணோம். சொல்லு, இது ஒரு நர்சு செய்யிற வேலையா?

அத விடு. பெட்ட மாத்துனா. நல்ல உள்ள தள்ளி, தூசு தும்பு இல்லாத எடத்துல இருந்த பெட்டு. ரெண்டு ஆளக் கூப்புட்டு உருட்டிக் கொண்டு போயி ரோட்டோரச் சன்னல்கிட்ட போட்டுட்டா. சுத்தி ஒரு பச்சைத் துணித் தடுப்பு. எதுக்குடீன்னா, "ஐயாவுக்கு பஸ் சத்தம் கேக்கட்டும்மா"ங்கிறா. நோயாளிக்கு பஸ் சத்தம் எதுக்கு? அந்தப் பக்கம் பஸ்டாண்டு, விடிஞ்சதுல இருந்து ஹாரன். அவுக என்னடான்னா கண்ண மூடிக்கிட்டே "இது திருச்சுழி வண்டி... இது காரியாபட்டி"ன்னு முனங்குறாக. இவ பக்கத்துல நின்னு "அப்ப இது எந்த வண்டி ஐயா?"ன்னு கேள்வி வேற கேக்குறா. ஊசி போடுறவளுக்கு பஸ்ஸுல என்ன வேலை?

அப்பறம் சவரம். ஆமாங்கிறேன். வென்னி கொண்டாந்து, மொகத்தத் தொடச்சு, அவளே சவரம் பண்ணி விட்டா. மீசைய ரெண்டு பக்கமும் சமமா ஒதுக்கி, கண்ணாடியக் காட்டுறா. "டிரைவரு மாதிரி இருக்கேனா?"ன்னு அவுக கேக்குறாக. "யூனிபாரம் மட்டும்தான் ஐயா பாக்கி"ங்கிறா. அவுக சிரிச்சாக தாயி. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. குதிங்கால்ல எண்ணெய் தேய்க்கிறா, ரெண்டு மணிக்கொருக்க திருப்பிப் படுக்க வைக்கிறா, தலகாணியச் சொருகுறா. வைத்தியம் பாருடீன்னா அலங்காரம் பண்ணுறா!

வாசக் கேட்டுல ஒரு வாட்ச்மேன் இருக்கானே, அந்தக் கடுவன். நேரம் தவறி உள்ள விடுவானா? பாஸக் காட்டு, பாஸக் காட்டுன்னு உசுர வாங்குவான். இப்ப என்னயக் கண்டா எந்திரிச்சு வழிவிடுறான். பேரப்புள்ளைகளக் கூட்டிட்டு வாங்கன்னு எம்மககிட்டச் சொல்லியிருக்கா இவ. பள்ளிக்கூடத்துப் புள்ளைகள ஆஸ்பத்திரிக்குள்ள விடுவாகளா? விட்டாகளே! மூணும் வந்து கட்டில்ல ஏறி உக்காந்து முறுக்குத் தின்னுச்சுக. ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லல. ஒரு ஆஸ்பத்திரின்னா சட்டதிட்டம் வேணாமா?

இன்னும் கேளு, இதுதான் உச்சம். அவுகளுக்குப் பாக்க வேண்டியத விட்டுட்டு, எனக்குப் பாக்குறா. எனக்கு! தெனமும் சாயந்தரம் என் கையில பட்டையச் சுத்தி புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுக்குறா. நானா நோயாளி? "பிரஷரு கூடிப்போச்சும்மா, மாத்திரை போட்டீங்களா?" போடல, அதனால ஒனக்கென்ன? நேத்து மத்தியானம் அவ டிபன் பாக்சத் தொறந்து, தயிர்ச்சாதத்தப் பாதி எடுத்து மூடியில வச்சு என் முன்னால நீட்டுறா. வேணாம்னேன். கெளம்பவே மாட்டேங்குறா. நான் ரெண்டு வாய் திங்கிற வரைக்கும் ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்கா. அந்த நேரத்துக்கு அவுக வெரலுல ஒரு குத்து குத்திப் பாத்திருக்கலாம்ல?

பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். நேத்து சாயந்தரம் பெரிய சிஸ்டரு ரூமுக்குப் போயிட்டேன், கம்ப்ளெய்ன்ட்டு குடுக்க. நாலு சிஸ்டருக்கு மேல ஒருத்தங்க, கண்ணாடி போட்டு, வெள்ளை முடி. "என்னம்மா கொறை?"ன்னாங்க. சொன்னேன். ஊசி குத்த மாட்டேங்குறா, சவரம் பண்ணுறா, எனக்குச் சோறு போடுறான்னேன். சொல்லும்போதே எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. அவங்க ஒண்ணும் எழுதல. எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சரிதான், இவளும் அவ கட்சி. கைய உருவிக்கிட்டு வந்துட்டேன்.

மாஸ்டரு, நீ அவரக் கவனிப்பா. நான் இருக்கேன், எனக்கு மெதுவாக் குடு.

இன்னைக்கி மத்தியானம்தான் தாயி பெரிய சண்டை. வார்டே திரும்பிப் பாத்துச்சு. அவுக ரெண்டு நாளா ஒண்ணும் பேசல. பஸ்ஸு பேரு சொல்றதும் நின்னு போச்சு. கஞ்சி வேணாம், தண்ணி வேணாம், வாயத் தொறக்கிறதில்ல. ரெண்டு மணி இருக்கும், கண்ணத் தொறந்தாக. என்னயப் பாத்தாக. "ராக்கு"ன்னாக. எம்பேரு முத்துராக்கு. அவுக எம்பேரச் சொல்லிக் கூப்புடுறது எப்பவாச்சும்தான். கிட்டக் குனிஞ்சேன். "சீனி போட்டு ஒரு டீ"ன்னாக.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. பதினோரு வருசமா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காக பாரு. "சும்மா இருங்க"ன்னு அதட்டுனேன். என்னய அறியாம வாயி அதட்டுது, பழக்கம். இவ அந்தப் பக்கம் நின்னு துணி மடிச்சுக்கிட்டு இருந்தவ, வந்துட்டா. "குடுங்கம்மா"ங்கிறா.

"என்னத்தக் குடுக்க?"

"டீ. அவரு கேக்குற மாதிரி சீனி போட்டு வாங்கிட்டு வாங்கம்மா. மடக்கு மடக்காக் குடிக்க முடியாது. ஸ்பூன்ல எடுத்து, நாக்குல படுற மாதிரி சொட்டுச் சொட்டா விடுங்க. உதட்ட நனைச்சாக் கூடப் போதும்."

சொட்டுச் சொட்டா விடணுமாம்! எனக்குத் தெரியாதா தாயி? எங்க மாமியாருக்கு நான்தான் விட்டேன், இந்தக் கையாலதான். சொந்தபந்தமெல்லாம் சுத்தி நிக்க, ஸ்பூன்ல பால் எடுத்து, சொட்டுச் சொட்டா. அது எதுக்கு விடுறதுன்னு எங்க ஊருல பால்குடி மறக்காத புள்ளைக்குக் கூடத் தெரியும். கத்திட்டேன். "அதுக்குள்ள எம்புருசனுக்குப் பாலூத்தச் சொல்றியாடி? ஒன் வீட்டு ஆளா இருந்தா இப்படிச் சொல்லுவியா?"ன்னு கேட்டுட்டேன். பக்கத்துப் பெட்டு ஆளுக்கு ஏறிக்கிட்டிருந்த பாட்டிலு கூட ஆடுச்சு, நான் கத்துன கத்துல.

அவ கோவப்படல. அதுதான் எனக்கு ஆத்திரம். திருப்பித் திட்டுனா நானும் நாலு வார்த்தை திட்டிட்டு ஓஞ்சிருப்பேன். மெதுவாச் சொல்றா, "அவரு கேக்குறது டீம்மா. வேற ஒண்ணும் கேக்கல."

"பதினோரு வருசம் குடுக்காம வச்சிருந்தேன். இன்னைக்கிக் குடுத்தா அதெல்லாம் என்னத்துக்குடி?"ன்னேன். அதுக்குச் சொல்றா, "இந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு டாக்டரே கேட்டாரும்மா, இம்புட்டு மோசமான சுகருக்கு இந்த மனுசன் இத்தனை வருசம் எப்படி வண்டி ஓட்டுனாருன்னு. உங்களாலதான்னு நான் சொன்னேன்." ஐஸு வைக்கிறா பாத்தியா? எனக்கே ஐஸு.

"உங்களுக்கு முடியலன்னா நான் குடுக்கட்டுமா?"ன்னா. நான் இருக்கும்போது நீ யாருடி குடுக்கன்னு தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். மூணு மணிக்கு வந்தேன். இந்த பெஞ்சுல உக்காந்தேன். பழைய பால் தீந்து போச்சு, புதுப்பால் வந்து, அதுவும் பொங்கிப் போச்சு.

என்னம்மா? ஆமா, பொங்கி நேரமாச்சு. என் மொறைதான், தெரியுது. நீயும் வாங்கிட்ட, அந்த அண்ணனும் வாங்கிட்டாரு. பின்னால வந்த அம்புட்டுப் பேரும் வாங்கிட்டுப் போயாச்சு. என்னய ஏன் இப்படிப் பாக்குற?

கரண்டு போகல தாயி.

அன்னைக்கி டாக்டரு ரூமுல கரண்டு ஒண்ணும் போகல. ஜெனரேட்டரும் ஓடல. அவரு சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டுச்சு. இன்னும் நாலு நாளோ, ஒரு வாரமோன்னாரு. இன்னைக்கி ஆறாம் நாளு. அங்க வச்சுக் காது கேக்கலன்னு சொன்னேன், எம்மககிட்டயும் அதையே சொன்னேன், ஒங்கிட்டயும் அதத்தான் சொன்னேன். சாமிகிட்டச் சண்டை போட்டா அது பதில் பேசுமா? டாக்டருகிட்டப் பேசப் பயம். இவ ஒருத்திதான் பக்கத்துல நின்னா. திட்டத் திட்ட நின்னா. அதான் அவளப் போட்டு... அந்தப் புள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டேன்.

ஒங்க மாமியார வேற வார்டுக்கு மாத்திராத. அந்தப் புள்ள வர்ற வார்டுலயே இருக்கட்டும். என்ன?

மாஸ்டரு, இந்தாப்பா தூக்குவாளி. என்னது, வழக்கம் போல சீனி இல்லாம ஒண்ணா?

இல்லப்பா. சீனி போடு. தூக்கலாப் போடு. இன்னும் போடு, ஏன் கை இழுக்குது ஒனக்கு? அடியில கரையாமக் கிடக்கணும். ம்... அம்புட்டுத்தான். ஆத்திக் குடுத்துராத, அவுகளுக்குச் சூடாத்தான் புடிக்கும். நான் ஊதிக் குடுத்துக்கிர்றேன்.

இந்தா தாயி, மூடியக் கொஞ்சம் அமுக்கி மூடிவிடு. கேட்டு வரைக்கும் கூட வர்றியா?

ஸ்பூனா மாஸ்டரு? வேணாம்ப்பா, நீயே வச்சுக்க. எங்கிட்ட இருக்கு. நான் கத்திக்கிட்டு வெளிய வரும்போதே அந்தச் சிஸ்டரு பின்னாலயே ஓடிவந்து கையில குடுத்துருச்சு. அப்பவே வாங்கி இடுப்புல சொருகிட்டேன்.